வீட்டுக்கே வந்து ஹீலியம் பலூன் நிரப்பித் தரும் சேவை: என் அனுபவம்

மகளின் பிறந்தநாளுக்கு மடிப்பாக்கம் வீட்டுக்கே சிலிண்டரோடு வரவழைத்தோம். வந்தது தாமதமாகத்தான், கேக் வெட்டப் போகும் நேரத்தில் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வேலை சுத்தம். ரப்பர் பலூன்கள் மறுநாள் காலைவரை கூரையிலேயே நின்றன. ஃபாயில் பலூன் இன்னும் மிதக்கிறது.

முக்கியமாக, ஹைட்ரஜன் இல்லை. திருவிழா கேஸ் பலூன் சிலவற்றில் அதுதான் இருக்கும், மெழுகுவத்தி பக்கம் போனால் தீப்பிடிக்கும்.

என் மச்சான் கார்ட்டூன் குரலில் பேசிக் காட்டுகிறேன் என்று குழாயில் வாய் வைக்கப் போனார். வந்திருந்த தம்பி, "அண்ணே, வேணாம்" என்று வால்வை மூடிவிட்டார். சிலிண்டரின் அழுத்தம் நுரையீரலையே கிழித்துவிடும். பலூனிலிருந்து இழுத்தாலும் ஆக்ஸிஜன் குறைந்து மயக்கம் வரலாம். இதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதல்.

பிள்ளைகள் விடுவார்களா? குரல் ஏன் மாறும் என்று கேட்டதற்கும் பொறுமையாகச் சொன்னார். குரல்நாண்கள் அதிரும் வேகம் பெரிதாக மாறாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், ஹீலியத்தில் ஏறக்குறைய 1,000 மீட்டர். அதனால் தொண்டையிலும் வாயிலும் எழும் ஒத்ததிர்வுகள், அதாவது அங்கே எதிரொலித்துப் பலக்கும் அதிர்வுகள், மேல் அதிர்வெண்ணுக்கு ஏறிவிடுகின்றன. சுருதி கிட்டத்தட்ட அதேதான். குரலின் நிறம்தான் வேறு. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற கனமான வாயுவை இழுத்தால் நேர்மாறாகக் கட்டைக் குரல் வருமாம்.

விலை அதிகம்தான். ஹீலியம் இறக்குமதிச் சரக்கு, சரி. டெலிவரிக்குத் தனிக் கட்டணம் போட்டதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.