சோள ரொட்டியா, கோதுமை ரொட்டியா: மெக்சிகோவின் ஐந்நூறு வருடச் சண்டை

வடக்கு மெக்சிகோவில் சாப்பிட உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் கேட்கும் கேள்வி: "தெ மயீஸ் ஓ தெ அரீனா?" சோளமா, மாவா? மாவு என்றால் கோதுமை மாவு. மெக்சிகோ நகரத்திலோ தெற்கே வஹாக்காவிலோ இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. அங்கே டோர்ட்டியா (நம் சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டி) என்றாலே சோளம்தான். சோள டோர்ட்டியாவைத் தனியாகச் 'சோள டோர்ட்டியா' என்று சொல்வது, நாம் 'அரிசிச் சோறு' என்று சொல்வதைப் போல.

(டோர்ட்டில்லா என்று எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டாம். ஸ்பானிய மொழியில் அந்த இரட்டை எழுத்து 'ய' ஆகிவிடும். இங்கே சோளம் என்பதும் மக்காச்சோளம்தான், நம்முடைய வெள்ளைச் சோளம் அல்ல.)

இரண்டு ரொட்டிகளில் எது உசத்தி என்ற பேச்சு மெக்சிகோவில் ருசியோடு நின்றதில்லை. மதம், சாதிமை, வர்க்கம், அரசியல் எல்லாம் அதற்குள் உண்டு. நான் சோளக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கோதுமைக்கும் நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள்.

யார் மூத்தவர்?

இதில் போட்டியே இல்லை. தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், டியோசின்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் சோளத்தை உருவாக்கினார்கள். டியோசின்டேயைப் பார்த்தால் இதிலிருந்தா அது வந்தது என்று சந்தேகம் வரும். விரல் நீளக் கதிர், பத்துப் பன்னிரண்டு மணிகள், ஒவ்வொன்றும் பல்லை உடைக்கும் ஓட்டுக்குள். தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி எடுத்து அதைக் கைநிறையப் பிடிக்கும் கதிராக மாற்றிவிட்டார்கள். வஹாக்காவின் கீலா நாக்கிட்ஸ் குகையில் கிடைத்த கதிர்த்துண்டுகளுக்கு ஏறக்குறைய 6,200 வயது. இன்று மெக்சிகோவில் சுமார் அறுபது நாட்டுச் சோள இனங்கள் இருக்கின்றன. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கருநீலம் என்று நிறத்துக்கு ஒரு ருசி. கடவுள்கள் முதலில் மண்ணிலும் பிறகு மரத்திலும் மனிதனைச் செய்து பார்த்துத் தோற்று, கடைசியில் சோள மாவில் பிசைந்து வெற்றி பெற்றார்கள் என்பது மாயா மக்களின் படைப்புக் கதை.

கோதுமை வந்தது 1521க்குப் பிறகு, அஸ்டெக் பேரரசின் தலைநகர் டெனோச்டிட்லான் ஸ்பானியரிடம் விழுந்த கையோடு. அங்கே முதலில் கோதுமை விதைத்து அறுத்தவன் நான்தான் என்று 1538இல் ஸ்பெயின் மன்னருக்கு மனுப் போட்டவர் ஹுவான் கரீடோ. ஆப்பிரிக்காவில் பிறந்த கறுப்பர், அந்நகரைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸின் படையில் சண்டை போட்டவர். 'வெள்ளைக்காரன் தானியம்' என்று பெயர் வாங்கிய கோதுமையை அந்த மண்ணில் ஊன்றியது ஒரு கறுப்பர் கை என்பது எனக்குப் பிடித்த முரண்.

ஸ்பானியருக்குக் கோதுமை கட்டாயம் தேவைப்பட்டது. பூசையில் கொடுக்கும் அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. சோளத்தில் கிறிஸ்து இறங்கமாட்டார். அதனால் கோதுமை கிறிஸ்தவத் தானியம் ஆயிற்று, சோளம் 'இந்தியர்' (ஸ்பானியர் அந்த மண்ணின் மக்களுக்கு வைத்த பெயர்) தானியம் ஆயிற்று. நாட்டு மக்கள் அப்போதே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோதுமைக்கு ஏர், மாடு, பாசனம், ஆலை எல்லாம் வேண்டும். சோளத்துக்கு ஒரு குச்சி போதும், குழி தோண்டி விதையைப் போட்டால் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் மணி தரும். பக்கத்திலேயே அவரையும் பூசணியும் ஏறிப் படரும். அந்தக் கலப்பு வயலுக்கு மில்பா என்று பெயர்.

சுண்ணாம்பின் கதை

சோளத்தை அப்படியே அரைத்துத் தண்ணீர் விட்டால் மாவு ஒட்டாது, உதிர்ந்துவிடும். மெக்சிகோ மக்கள் கண்டுபிடித்த வழி இது: முதல் நாள் இரவு சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் சோளத்தைக் கொஞ்சம் வேகவைத்து அப்படியே ஊறவிடுவது. காலையில் மேல்தோல் வழன்று வரும். கழுவி அரைத்தால் மாவு பிசைகிற பதத்துக்குச் சேர்ந்து வரும். இப்படிப் பக்குவப்பட்ட சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். அஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் சாம்பல் என்ற சொல்லும், தமால் என்ற சொல்லும் சேர்ந்தது. சில இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சாம்பல் போடுவார்கள். (தமால் என்பது சோள மாவைத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டை. பெயரைக் கேட்டுவிட்டுத் தமிழோடு முடிச்சுப் போட யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

இது வெறும் சமையல் சூட்சுமம் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தும் அது உடம்பில் சேராதபடி பூட்டிக் கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது. கூடவே கால்சியமும் சேர்கிறது. ஸ்பானியர் சோள விதையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளுக்கு ஒரு புது நோய். வெயில் பட்ட தோல் தடித்து உரியும், வயிற்றுப்போக்கு, அப்புறம் புத்தி பேதலிப்பு, சாவு. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். இத்தாலியர் வைத்த பெலாக்ரா என்ற பெயர் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது கொத்துக் கொத்தாக ஆளை அடித்தது. சோளத்தின் தாய்நாடான மெக்சிகோவிலோ ஆயிரக்கணக்கான வருடமாக மூன்று வேளையும் அதையே தின்றும் அந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

கோதுமை டோர்ட்டியாவின் செய்முறையில் இப்படி எந்த அதிசயமும் இல்லை. மாவு, உப்பு, தண்ணீர், பன்றிக்கொழுப்பு, சூடான கல். நன்றாகத்தான் இருக்கும்.

படித்தவர்களின் தீர்ப்பு

1899இல் ஃபிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அரசியல்வாதி ஒரு புத்தகம் எழுதினார். போர்ஃபிரியோ தியாஸின் சர்வாதிகார ஆட்சிக்குப் பக்கபலமாக இருந்த படித்த கூட்டத்தில் ஒருவர். மனித குலம் மூன்று இனம் என்றார்: கோதுமை இனம், அரிசி இனம், சோள இனம். இதில் முன்னேறக்கூடியது கோதுமை இனம் மட்டும்தானாம். மெக்சிகோ பின்தங்கியதற்குக் காரணம் சோளமாம். அரிசி தின்னும் நம்மையும் சேர்த்தே கழித்துக் கட்டிவிட்டார் மனிதர்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த எண்ணம் ஆட்சி மாறியும் மாறவில்லை. நிலத்துக்காகப் புரட்சி செய்து வந்த அரசுகளிலும் அதிகாரிகள் மெக்சிகோவின் பூர்வகுடிகளைக் கோதுமை ரொட்டிக்கு மாற்றினால்தான் விடிவு என்று நம்பினார்கள். நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுப்பதைவிட ரொட்டியை மாற்றச் சொல்வது சுலபம் என்பதும் காரணமாக இருக்கலாம். 1940களில் மெஸ்கிட்டால் பள்ளத்தாக்கில் பரம ஏழைகளான ஓட்டோமி மக்களின் சாப்பாட்டை ஆய்வு செய்தபோது, டோர்ட்டியாவும் காட்டுக்கீரையும் கற்றாழைக் கள்ளான புல்கேயும் சேர்ந்த அந்த உணவு, வந்தவர்கள் நினைத்ததைவிடச் சத்தாக இருந்தது தெரிந்தது. பசிக்குக் காரணம் தட்டில் இருந்த தானியம் அல்ல, அதன் அளவு.

கோதுமைக்காகவும் பேச வேண்டும்

இதுவரை படித்தவர்கள் கோதுமையை அந்நியன் என்று ஒதுக்கியிருப்பீர்கள். சொனோராக்காரர் காதில் விழுந்தால் அடிக்க வருவார். வடமேற்கின் அந்த வறண்ட நிலத்தில் 1687 முதல் சுற்றித் திரிந்த ஏசுசபைப் பாதிரியார் எவுசேபியோ கீனோ கோதுமையைப் பரப்பினார். அங்கிருந்த ஓதாம் மக்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு மதம் மட்டும் காரணம் இல்லை. சோளம் கோடைமழைப் பயிர், பனியைத் தாங்காது. கோதுமை குளிர்காலத்தில் விளையும். குதிர் காலியாகிப் புதுச் சோளம் வராமல் கிடக்கும் பஞ்ச மாதங்களில் கோதுமை கதிர் முற்றி நிற்கும். சோளத்தை விரட்டாமல், சோளம் இல்லாத நேரத்தில் சோறு போட்டது கோதுமை.

அந்த ஊர் டோர்ட்டியாவைப் பார்க்க வேண்டும். சொபாக்கேரா என்று ஒன்று, முழங்கை வரை விரியும், மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. நம் ஊர் வீச்சு புரோட்டா மாஸ்டர் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். கோதுமை இழுத்தால் இழுபடும், மடித்தால் மடியும், மறுநாளும் வளையும். மாடு மேய்க்கப் போகிறவனுக்கு அதுதான் கட்டுச்சோறு. உள்ளே கறி, அவரை வைத்துச் சுருட்டும் பர்ரிட்டோ பிறந்தது இந்த வடக்கில்தான். சோள டோர்ட்டியாவில் பர்ரிட்டோ சுற்ற முடியாது. சின்ன டோர்ட்டியாவில் கறி வைத்து மடிக்கும் டாக்கோவுக்கே ஒன்று கிழிந்தால் தாங்கட்டும் என்று பல கடைகளில் இரண்டாக அடுக்கிக் கொடுப்பார்கள்.

அதிலும் சோளக்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை. மறுநாள் விறைத்துப்போன டோர்ட்டியாவை வறுத்துச் சாஸில் போட்டுப் பிரட்டினால் சிலாக்கிலெஸ். பழையதை வைத்து ஒரு நாட்டின் காலை உணவையே உண்டாக்கிவிட்டார்கள்.

அரைத்தவர்கள் யார்?

சோளத்துக்கு எதிரான வாதங்களில் எனக்குப் பதில் தெரியாத வாதம் ஒன்றுதான். மெட்டாட்டே என்பது மூன்று காலுள்ள சாய்வான அம்மி. அதன் முன் மண்டியிட்டு, விடிவதற்கு முன்பே எழுந்து, ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவைத் தினமும் மணிக்கணக்காக அரைத்தவர்கள் பெண்கள். அரைத்த மாவு மறுநாளைக்குப் புளித்துவிடும், எனவே ஒரு நாளும் விடுப்பு கிடையாது. பழைய எலும்புக்கூடுகளின் முழங்காலிலும் முதுகிலும் இந்த உழைப்பின் தேய்மானம் பதிந்திருக்கிறது. கோதுமையை ஆலை அரைத்தது, பேக்கரிக்காரர் சுட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் கிராமங்களுக்கு நிக்ஸ்டமால் மில் வந்தபோது, மில் மாவில் ருசி இல்லை, பெண்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று ஆண்கள் முறைத்தார்கள். பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்கள்.

விதை போன வழி

1944இல் அமெரிக்க விவசாய விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவுக்கு வந்து கோதுமையில் இறங்கினார். சொனோராவின் யாக்கி பள்ளத்தாக்கில் குட்டைக் கோதுமை ரகங்கள் உருவாயின. 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையைக் கப்பலில் வரவழைத்தது. லெர்மா ரோஹோ, சொனோரா 64 என்பவை அந்த ரகங்கள். இந்தியாவில் அந்த முயற்சிக்கு விஞ்ஞானத் தரப்பில் தலைமை தாங்கியவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். இங்கே உருவான ஒரு ரகத்துக்குச் சர்பதி சொனோரா என்றே பெயர். பஞ்சாப்காரர் சப்பாத்திக்குள் அந்த வறண்ட மாநிலத்தின் பெயர் புகுந்தது இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே கோதுமை விதை கொடுத்த மெக்சிகோ இன்று தன் பிரெட்டுக்கு வேண்டிய கோதுமையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது.

சோளத்தின் கதையும் நிம்மதியானதல்ல. 1994இல் வட அமெரிக்கத் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் வந்தபின் மலிவான அமெரிக்கச் சோளம் எல்லை தாண்டிக் குவிந்தது. மில்பாவை விட்டுவிட்டு மனிதர்கள் எதிர்த்திசையில் எல்லை தாண்டினார்கள். 2007 ஜனவரியில் டோர்ட்டியா விலை எகிறியபோது மக்கள் தெருவில் இறங்க, அரசு கிலோவுக்கு 8.50 பெசோ என்று உச்சவரம்பு பேசி முடித்தது. 'சோளம் இல்லையேல் நாடு இல்லை' என்ற இயக்கம் அந்த ஆண்டில்தான் கிளம்பியது. 2025 மார்ச்சில் மரபணு மாற்றுச் சோளத்தைப் பயிரிடக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். கோதுமைக்காக எந்த நாடாவது இப்படிச் செய்திருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சரி, எதைச் சாப்பிடுவது?

சொனோரா, சிவாவா பக்கம் போனால் கோதுமை, தயங்காமல். கறிக்கும் அதற்கும் பொருத்தம் அப்படி. நாட்டின் மற்ற பகுதிகளில் சோளம். ஆனால் ஒரு எச்சரிக்கை. 1949இல் தொடங்கிய மசேகா போன்ற பாக்கெட் மாவில் சுட்டதும் சோள டோர்ட்டியாதான், தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் வேலை முடிந்தது, ஆனால் வாசனை பாதிதான் வரும். நிக்ஸ்டமால் ஊறவைத்து அரைக்கும் கடை தெருவில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பாக்கெட் மாவு சோள டோர்ட்டியாவா, நல்ல கோதுமை டோர்ட்டியாவா என்று வந்தால், என் கட்சியை மறந்து நான் கோதுமைப் பக்கம் சாய்வேன்.

மெக்சிகோக்காரர்களே இரண்டையும் விடுவதில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் வளையம் போன்ற கோதுமை ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே சின்னக் குழந்தை பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி 2ஆம் தேதி எல்லோருக்கும் தமால் வாங்கித் தர வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு மெக்சிகோ நகரத்தின் தெருமுனையில் காலை ஆறு மணிக்கே குவாஹொலோட்டா கிடைக்கும். கோதுமை பன்னை இரண்டாகப் பிளந்து, சுடச்சுட ஒரு சோளத் தமாலை அப்படியே உள்ளே வைத்து, பழைய காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். குடிக்க சோளக் கஞ்சி. மதியம் வரை பசிக்காது.