வண்ணாரப்பேட்டை மாடியில் ஓர் ஆப்பிரிக்க அலமாரி

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், மாடியில் ஒரு வாடகை நூலகம் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, படிக்கட்டுச் சுவரில் அம்புக்குறி மட்டும். முன்பணம் 500 ரூபாய். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். நாவல், சமையல், ஜோசியம் எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான். ஜன்னலோரம் இருக்கும் ஆப்பிரிக்கப் பயண நூல்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். மொம்பாசா, டர்பன், தார் எஸ் சலாம் என்று ஊர்ப் பெயர்கள் தினமும் என் பேனாவைக் கடந்து போகின்றன. அந்தத் துறைமுகங்களுக்குப் பின்னால் கிடக்கிற நிலம் இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு. பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த உலகப் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிட 14 மடங்கு பெரியது. நூலகக்காரர் இதைச் சொன்னதோடு விடாமல், பரண் மேலிருந்த உலக உருண்டையை இறக்கி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவர் புத்தகங்களை ஆறுகளின்படி அடுக்கியிருக்கிறார். நைல் ஒரு தட்டு, நைஜர் ஒரு தட்டு, காங்கோ, ஜாம்பேசி தனித்தனி. நைஜர் தட்டிலிருந்து தொடங்குங்கள். கடலுக்குப் பக்கத்து மலையில் பிறந்து, கடலை விட்டு விலகி சகாராவின் ஓரம் வரை போய், அங்கே வளைந்து, மொத்தம் 4,180 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிற ஆறு அது. 1340களில் நம் மதுரையில் தங்கியிருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, 1352-ல் சகாராவைக் கடந்து போய் அந்த ஆற்றைப் பார்த்து நைல் என்றே நினைத்தார். ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் 1796-ல், இன்றைய மாலி நாட்டில் இருக்கும் செகூ நகரில் நின்று, அது கிழக்கே ஓடுவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். அது கடலில் கலக்கும் இடத்தை இங்கிலாந்தைச் சேர்ந்த லாண்டர் சகோதரர்கள் 1830-ல் படகிலேயே போய்ச் சேர்ந்து உறுதி செய்தார்கள். இந்த மூன்று பயணங்களின் நூல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரே ஆற்றை மூன்று காலத்தில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

இன்னொன்றுக்காக அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும், அந்தப் பயணத்தில் கூட நடந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு குஜராத்துக்கு விற்கப்பட்ட சிதி முபாரக் பாம்பே, பிற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குள் பயணம் போன பர்ட்டன், ஸ்பீக், ஸ்டான்லி, கேமரன் என்று எல்லோரோடும் நடந்தவர். ஸ்காட்லாந்துப் பயணி லிவிங்ஸ்டன் 1873-ல் ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் இறந்தபோது, அவருடைய பணியாளர்களான சூசியும் சூமாவும் இன்னும் பலரும் அவர் உடலைப் பல மாதம் சுமந்து கடற்கரை சேர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட்டும் இருந்தார். சுமை தூக்குகிறவர்கள் நடுவில் வேலை பார்க்கிறவன் என்பதால், அந்தச் சீட்டுகளை நான் முதலில் படிக்கிறேன்.

குறை உண்டு. காங்கோ தட்டு மெலிந்து கிடக்கிறது. தமிழில் வந்தவை கைவிரலுக்குள் அடங்கும். ஆப்பிரிக்கர்களே எழுதிய பயண நூல்கள் இன்னும் நிறைய வேண்டும். கேட்டேன். கல்லாவில் இருக்கும் நோட்டில் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதினால் சீக்கிரம் வாங்குவார்.

மாலை 5 மணிக்குத் திறந்து 9 மணிக்கு மூடுவார், வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே வரலாம். படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்று ஆற்றின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுங்கள், பையன் தட்டோடு எடுத்து வந்து காட்டுவான்.