அண்டி வெட்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் வீட்டோடு சேர்த்து சின்னதாக ஒரு அண்டி ஆபீஸ் நடத்துகிறோம். (வெளியூர்க்காரர்களுக்கு: அண்டி என்றால் முந்திரிக்கொட்டை; அதை வெட்டிப் பருப்பெடுக்கும் இடம்தான் அண்டி ஆபீஸ்.) காலால் மிதித்து ஓட்டும் கால்மிதி மெஷினில் வெட்ட ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அண்டியின் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், புதிதாக யார் வருவார்கள்? அதனால்தான் 1,85,000 ரூபாய் கொடுத்து தானியங்கி மெஷின் வாங்கினேன்.

விற்றவர் கடையில் ஓட்டிக் காட்டியபோது பருப்பெல்லாம் கீறல்கூட இல்லாமல் விழுந்தது. அவர் எடுத்த சாக்கில் இருந்த அண்டி எல்லாம் ஒரே பருமன் என்பது என் மரமண்டையில் அப்போது ஏறவில்லை.

வீட்டில் வழக்கம்போல ஆவியில் வேகவைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, மெஷினில் போட்டோம். தட்டில் விழுந்ததைப் பார்த்து வயிறு எரிந்தது. சரி, கணக்காகப் பார்த்துவிடலாம் என்று நூறு அண்டியை எண்ணிப் போட்டேன். முழுப்பருப்பு 38. பிளந்ததும் நொறுங்கியதும் 41. மிச்சம் 21 ஓடு திறக்காமலேயே வெளியே வந்தது. பெரிய கொட்டையில் கத்தி பருப்பு வரை இறங்குகிறது, சிறியதில் மேல் ஓட்டைக்கூடத் தொடவில்லை. பிளந்த பருப்பில் ஓட்டு எண்ணெய் வேறு ஏறிக் கறுத்துவிட்டது. எங்களிடம் பல வருஷமாக வெட்டும் அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு அம்மியிலே வச்சுத் தட்டியிருக்கலாமே" என்றார்.

போன் போட்டால் முதலில் "உங்க அண்டி சரியில்லை" என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு பையன் வந்தான். ஸ்பிரிங்கை முறுக்கினான், 4,000 ரூபாய் வாங்கினான், போனான். கத்திக்கு வாரண்டி கிடையாதாம்.

அப்புறம் குழித்துறையில் ஒரு மெக்கானிக்தான் விஷயத்தைச் சொன்னார். கத்தி இடைவெளி ஒரு பருமனுக்குத்தான் பொருந்தும். அண்டியைச் சல்லடை டிரம்மில் போட்டு அளவு பிரித்து, ஒவ்வொரு அளவுக்கும் கத்தியைத் திருப்பி வைத்து ஓட்டணும். டிரம் தனி விலை. விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்கு மேல் போகாத 320 நம்பர் முழுப்பருப்பு விற்கும் விலை என்ன, நொறுக்கு விற்கும் விலை என்ன என்பது அவருக்குத் தெரியாததா?

மெஷின் பார்க்கப் போனால் உங்கள் சாக்கிலிருந்து, பிரிக்காத அண்டியைக் கொண்டுபோய், உங்கள் கையால் போட்டு எண்ணுங்கள். அங்கே இருக்கும் சாக்கைத் தொடவே விடாதீர்கள்.

இப்போது மெஷின் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது, அக்கா மறுபடியும் கால்மிதியில். மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரத்தில் யாரிடமாவது பழைய சல்லடை டிரம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். சாக்கோடுதான் வருவேன்.