நுவரெலியாவில் விற்பனைக்கு நிற்கும் பழைய இயந்திரப் படகு: வாங்கலாமா?

விலை குறைவுதான், ஆனால் கடற்கரையிலிருந்து ஏற்றி வரப்பட்ட பைபர் படகு என்பதால், பளபளக்கும் புதுப் பூச்சை நம்பாமல், அவுட்போர்ட் எஞ்சின் மாட்டப்பட்டுள்ள பின்பலகையை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். நான் தட்டியபோது போல்ட்டுகளைச் சுற்றி மந்தமான ஓசையே எழுந்தது. உள்ளிருக்கும் மரம் நீர் ஊறி உக்கியிருக்கிறது என்பதற்கு அது வலுவான அறிகுறியாகும். கியர் ஒயிலும் பால் கலந்த தேநீரைப் போல் வெளிறி வடிந்தது, அதாவது சீல் பழுதாகித் தண்ணீர் புகுந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் கிறகரி வாவியில் காற்றின் அடர்த்தி குறைவதால், நல்ல எஞ்சினே தன் வலுவில் ஐந்திலொரு பங்கை இழக்கக்கூடும். தேய்ந்த எஞ்சின் ஆட்களை ஏற்றிக்கொண்டு திணறும். படகின் உடல் உறுதியானது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எனினும் பின்பலகையை மாற்றும் செலவை விலையில் கழித்துத் தந்தாலன்றி இதை வாங்கும்படி எவருக்கும் சொல்லமாட்டேன்.