கான்டெஸா கிளாசிக்: எஞ்சினுக்குப் பொருள் கிடைக்கிறது, ரப்பர் பீடிங் கிடைப்பதில்லை

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய காரான கான்டெஸா கிளாசிக் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். என்னுடைய வண்டி தரைத்தகடு வேலை முடிந்து டிங்கரிங் பட்டறையிலிருந்து இப்போதுதான் திரும்பியிருப்பதால், என் பதிலில் கோபமும் கலந்திருக்கும்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சினைப் பற்றியும் அதன் ஐந்து கியர்களைப் பற்றியும் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1984இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையிலிருந்து இந்த வண்டி வரத் தொடங்கியபோது அதில் இருந்தது அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின். ஏறக்குறைய 50 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஒரு டன்னுக்கும் மேலான எடையை இழுக்க அது திணறியது. 88 குதிரைத்திறன் கொண்ட இசுஸு எஞ்சின் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த பிறகே, இந்தியாவின் மசில் கார் (எஞ்சின் வலுவுக்குப் பேர்போன கார்) என்று இன்று பலரும் அழைக்கும் தகுதி அந்த நீண்ட பானெட்டுக்குக் கிடைத்தது. எட்டு சிலிண்டர் கொண்ட அமெரிக்காவின் வி8 வண்டிகளோடு ஒப்பிட்டால் 88 சிறிய எண்தான். ஆனால் மாருதி 800உம் பிரீமியர் பத்மினியும் ஓடிய சாலையில் அது பெரிய எண். சேலத்திலிருந்து கோவைக்குப் போகும்போது ஐந்தாம் கியரில் எண்பதில் விட்டால், எஞ்சின் சிரமப்படுவதாகவே தெரியாது. முழங்கால் வலியுள்ள என் தாயார் வீட்டிலிருக்கும் புதிய வண்டியை விட்டுவிட்டு இதன் பின் இருக்கையில்தான் ஏறுவார். தாழ்வான அந்த இருக்கையில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டு ஊர் வரும்வரை தூங்குவார்.

இத்தனை நல்ல வண்டியை ஒரு ரப்பர் கெடுக்கிறது. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் காய்ந்து வெடித்ததும், மழைநீர் கண்ணாடியின் கீழ் மூலை வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி ஓட்டுநரின் கால்மாட்டில் தேங்குகிறது. மேல் விரிப்பு ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். அடியிலுள்ள தடித்த ஃபெல்ட் காயவே காயாது. அதை விரலால் அழுத்தினால் பழுப்பு நீர் ஊறி வரும். இந்த முறை கிளட்ச் பெடலுக்குக் கீழே ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து லேசாக அழுத்தியதற்கே, தகடு பொத்துக்கொண்டு தரை தெரிந்தது. கடைகளில் கான்டெஸா பீடிங் என்று நான் வாங்கிய எதுவும் மூலையில் சரியாக உட்காரவில்லை. வளைவில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பே நீருக்கு வழியாகிறது. முன்பு வேலை செய்த பட்டறை அந்த இடைவெளியில் சிலிகானைப் பூசிவிட்டு, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து, அண்டர்கோட்டிங் எனும் அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சும் அடித்துக் கொடுத்திருந்தது. வெளியே பளபளப்பாகவும் உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரமாகவும் இருந்த அந்த வேலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முப்பது ஆண்டான ரப்பர் எந்த வண்டியிலும் வெடிக்கத்தான் செய்யும். அதற்காக வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். மாற்று இல்லாததுதான் என் குறை.

மாற்று இல்லாததற்குக் காரணம் இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. இதன் உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர். 1972இல் வந்து, 1976இல் விஎக்ஸ் என்று பெயர் மாறி, 1978இல் அங்கே நின்றுபோன வண்டி. அதன் அச்சுக் கருவிகளை வாங்கித்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைத் தயாரித்தது. 2002இல் இங்கும் உற்பத்தி நின்றது. எஞ்சினின் தலையெழுத்து வேறு: அதே 1.8 இசுஸு 1990களில் அம்பாசடரிலும் பொருத்தப்பட்டது, அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. ஆகவே எஞ்சின் உதிரிப்பொருளுக்கு இன்றும் வழி இருக்கிறது. கண்ணாடி, பீடிங், கதவு ரப்பர், விளக்குச் சட்டம் ஆகியவற்றுக்கு இன்னொரு கான்டெஸாவை உடைத்தால்தான் உண்டு. சென்னையில் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடலை வைத்துத் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு 2000 என்ற காரும் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. அதை வைத்திருப்பவர்களின் பாடு என்னுடையதைவிடவும் கடினம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேகரிப்பு மோகம் இதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. கறுப்பு வண்ணமும் அகன்ற டயரும் போட்டு, வேறு எஞ்சினை இறக்கி, கழற்றிய அசல் பொருள்களைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். 2021இல் வந்த மத்திய விதியின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கே விண்டேஜ் பதிவு கிடைக்கும். மிகப் பழைய கான்டெஸாவுக்கே அது 2034இல்தான். அதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே அசல் உருவில் இருக்கும் வண்டிகள் அரிதாகிவிடும் என்பதே என் கவலை.

ஆகவே என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். மேலே எஞ்சினைப் பற்றியும் இருக்கையைப் பற்றியும் எழுதியதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை, ஆனாலும் வேண்டாம். அதையும் மீறிப் பார்க்கப் போவதென்றால், எஞ்சின் புகைத்தாலும் கவலை வேண்டாம், அதைச் சரிசெய்துவிடலாம். ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் போய்க் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. பிறகு ஓட்டுநர் பக்க விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.