மியூசிக் தெரபி படிக்கணுமா: அமெரிக்காவா, இங்கிலாந்தா, இல்ல நம்ம பாண்டிச்சேரியா?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துட்டப்போ பேச்சும் சேர்ந்தே போயிடுச்சு. 'தண்ணி'ங்கிற ஒரு வார்த்தை சொல்லணும்னா வாயைக் கோணிக் கோணிப் பாத்துட்டு கடைசில அழுதுருவார். ஒரு நாள் சாயங்காலம் அம்மா விளக்கேத்திட்டு எப்பவும் பாடுற முருகன் பாட்டை முணுமுணுத்துட்டு இருந்தாங்க, கட்டில்ல படுத்திருந்த மனுஷன் அடுத்த அடியை எடுத்துப் பாடுறார், மெட்டு மட்டும் இல்ல, வார்த்தை வார்த்தையா. அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. நான் ஓடிப்போயி அவரோட இடது கையைப் பிடிச்சு என் உள்ளங்கையில தாளம் போட வச்சு, அதே மெட்டுல 'தண்...ணி...தா'ன்னு இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினேன், அஞ்சாறு நாள்ல அந்த ஒரு வார்த்தை வந்துச்சு.

பேச்சு பெரும்பாலும் மூளையோட இடது பக்கத்தை நம்பி இருக்கு, பாட்டுக்கு வலது பக்கமும் சேர்ந்து வேலை செய்யுது, அதனாலதான் இடது பக்கம் அடிபட்டவங்க சில பேரு பேச முடியாட்டியும் பாடிருவாங்க, இதை வச்சே 1973ல பாஸ்டன்ல மெலோடிக் இன்டொனேஷன் தெரபின்னு ஒரு முறையை உருவாக்கினாங்க, இடது கையைத் தட்டுறதும் அதுல ஒரு அங்கம். இதெல்லாம் எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் 2011ல தலையில குண்டடி பட்டு பேச்சு போனப்போ, ஹூஸ்டன்ல மியூசிக் தெரபிஸ்ட் ஒருத்தவங்க பாட்டு வழியாத்தான் அவங்களுக்கு வார்த்தைகளைத் திரும்பக் கொண்டுவர உதவினாங்கன்னு படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா, இத்தனை நாள் யாருமே சொல்லலையேன்னு.

நான் திருச்சி, பி.காம், 14 வருஷம் வீணை. கடைசில இங்கிலாந்து போயி மாஸ்டர்ஸ் முடிச்சு இப்போ அங்கயே வேலை பாக்குறேன். என் சித்தி பொண்ணு நியூஜெர்சில வளர்ந்தவ, பிளஸ் டூ மாதிரி முடிச்ச கையோட பேச்சிலர்ஸே மியூசிக் தெரபி எடுத்துப் படிச்சா. ரெண்டு பேரும் வாரா வாரம் போன்ல பேசுறோம், பேசப் பேசத்தான் ஒரே பேர்ல ரெண்டு வேற வேற படிப்பு நடக்குதுன்னு புரிஞ்சுது. 'எந்த ஊர்ல படிக்கிறது நல்லதுக்கா'ன்னு கேக்குறவங்களுக்காக இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறேன், இல்லைன்னா மேல படிக்கிறதுல அர்த்தம் இல்ல. நம்ம ஊர்ல மியூசிக் தெரபின்னாலே 'இந்த ராகம் கேட்டா சுகர் இறங்கும், அந்த ராகம் கேட்டா பிபி இறங்கும்'னு ஒரு பட்டியல் சுத்துது. முத்துசுவாமி தீட்சிதர் கிருதி பாடி சீடர் தம்பியப்பனோட வயித்துவலி போன கதையைக் கேட்டு வளர்ந்தவதான் நானும், அந்தக் கதை மேல எனக்கு இருக்கிற பிரியம் இன்னும் குறையல. ஆனா காலேஜ்ல சொல்லித் தர்றது அது இல்ல. ராகத்தை மாத்திரை மாதிரி எழுதிக் கொடுக்குறது இல்ல இந்த வேலை, எதிர்ல இருக்கிற ஆள் யாரு, அவங்க எந்தப் பாட்டுல வளர்ந்தவங்க, இன்னைக்கு என்ன மனநிலைல வந்திருக்காங்கன்னு பாத்து அவங்களோட சேர்ந்து இசை பண்றது. பாட்டைப் போட்டு விட்டுட்டு வெளில போயிட்டா அது தெரபி இல்ல. இது பிடிச்சிருந்தா மேல படிங்க.

அமெரிக்கா கதை ரெண்டாம் உலகப்போர்ல அடிபட்டு வந்த சிப்பாய்ங்க ஆஸ்பத்திரிலருந்து சூடு பிடிக்குது. 1944ல மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டில முதல் டிகிரி, 1946ல கான்சாஸ், 1950ல தேசிய அளவுல சங்கம். அங்க பேச்சிலர்ஸ் முடிச்சாலே தெரபிஸ்ட் ஆகலாம், இதுதான் பெரிய வித்தியாசம். நாலு வருஷம் படிச்சு, மொத்தம் 1200 மணி நேரம் கிளினிக்கல் பயிற்சி, அதுல பெரும்பகுதி கடைசில வர்ற இன்டர்ன்ஷிப், அப்புறம் போர்டு எக்ஸாம் எழுதினா பேருக்குப் பின்னாடி எம்.டி-பி.சி. (MT-BC, போர்டு சான்று வாங்கின மியூசிக் தெரபிஸ்ட்னு அர்த்தம், டாக்டர் எம்.டி. இல்ல) போட்டுக்கலாம், அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ந்து படிச்சதுக்கான 100 கிரெடிட் காட்டிப் புதுப்பிக்கணும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, 2011ல நெவாடாவும் நார்த் டகோட்டாவும் லைசென்ஸ் கொண்டு வந்தாங்க, நியூயார்க்ல லைசென்ஸ் வேணும்னா மாஸ்டர்ஸ் இல்லாம முடியாது. இதைப் பாக்காம பேச்சிலர்ஸ் முடிச்சுட்டு பக்கத்து மாநிலத்துக்கு வேலைக்குப் போகலாம்னு இருந்த என் தங்கச்சி ரொம்பக் கஷ்டப்பட்டா.

அவ என்ன படிச்சான்னா, கிட்டார், பியானோ, குரல், டிரம்ஸ், நாலுமே, கூடவே உடற்கூறு, சைக்காலஜி. கிட்டாரைப் பாக்காம வாசிச்சுக்கிட்டே பேஷன்ட் முகத்தைப் பாத்துப் பாடணும், அதுக்கு ஒரு நீளமான பாட்டு லிஸ்ட் மனப்பாடம், அதுக்கு ஒரு பரீட்சை. ஒவ்வொரு செஷனுக்கும் ஒரு இலக்கு எழுதணும்: 'இந்தக் குழந்தை பத்து தடவைல எட்டு தடவை தன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்து டிரம்மை அடிக்கணும்'. முடிஞ்சதும் எத்தனை தடவை செஞ்சான்னு எண்ணி எழுதணும். முதல்ல கேட்டப்போ எனக்கு இது என்ன கணக்கு வாத்தியார் வேலைன்னு தோணுச்சு, இப்போ அப்படி நினைக்கல. ஸ்கூல்லயும் இன்சூரன்ஸ்லயும் பணம் கொடுக்குறவங்களுக்கு அந்த எண்ணிக்கைதான் புரியுது, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு தாளத்தை வச்சு நடை பழக்குற முறையெல்லாம் கொலராடோல மைக்கேல் தாட் மாதிரி ஆளுங்க அளந்து அளந்து பாத்துத்தான் நிலைநாட்டினாங்க. குறைமாசக் குழந்தைங்களுக்கு ஃப்ளோரிடா ஸ்டேட்ல ஜேன் ஸ்டான்ட்லி ஒரு ரப்பர் நிப்பிள் செஞ்சாங்க, குழந்தை சரியா உறிஞ்சினா தாலாட்டு கேக்கும், நிறுத்தினா பாட்டும் நின்னுரும், அப்படியே பால் குடிக்கப் பழகிடும். அந்த ஊரு யோசிக்கிற விதமே அது.

இங்கிலாந்து வேற மாதிரி. ஜூலியட் ஆல்வின்னு ஒரு செல்லோ கலைஞர் 1968ல லண்டன் கில்ட்ஹால் மியூசிக் காலேஜ்ல முதல் கோர்ஸ் ஆரம்பிச்சாங்க, இன்னொரு பக்கம் பால் நார்டாஃப்னு ஒரு அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ்னு ஒரு ஆங்கிலேய சிறப்புப்பள்ளி வாத்தியாரும் 1959லருந்து சேர்ந்து குழந்தைங்களோட இம்ப்ரொவைஸ் பண்ணியே, அதாவது முன்கூட்டி எதுவும் எழுதி வைக்காம அந்த நிமிஷத்துல தோணுறதைச் சேர்ந்து வாசிச்சே, ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. இப்போ மாஸ்டர்ஸ்தான் நுழைவாயில், முழுநேரம்னா ரெண்டு வருஷம். கேம்பிரிட்ஜ்ல ஆங்லியா ரஸ்கின், லண்டன்ல ரோஹாம்ப்டன், எடின்பரால குவீன் மார்கரெட்னு சில இடங்கள்தான். முடிச்சதும் ஹெச்.சி.பி.சி.ல (மருத்துவத் துறை வேலைக்காரங்களைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவு பண்ணியே ஆகணும், 'மியூசிக் தெரபிஸ்ட்'ங்கிற பேரே அங்க சட்டப் பாதுகாப்புல இருக்கு, பதிவு இல்லாம அந்தப் பேரைப் போட்டுக்கிட்டா குற்றம். அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்.ல வேலை கிடைச்சா வழக்கமா பேண்டு 6ங்கிற சம்பள நிலைல சேருவீங்க, புதுசா வர்ற நர்ஸ் 5ல சேருறாங்கன்னு வச்சுப் பாத்துக்குங்க. ஆனா முழுநேர போஸ்ட் குறைவு, ரெண்டு நாள் ஸ்கூல், ஒரு நாள் ஹாஸ்பிஸ் (கடைசி காலத்துல இருக்கிறவங்களைப் பாத்துக்குற இடம்), ஒரு நாள் கேர் ஹோம்னு ஒட்டுப்போட்டுத்தான் நிறைய பேரு வாரத்தை ஓட்டுறோம்.

எனக்கு இங்கிலாந்து ஒத்து வந்ததுக்கு ஒரே காரணம் பி.காம். அமெரிக்கால ஏற்கனவே டிகிரி இருக்கிறவங்களுக்கு ஈக்விவலன்சின்னு ஒரு குறுக்கு வழி உண்டு, ஆனா அது மியூசிக் டிகிரி வச்சிருக்கிறவங்களுக்கு. நான் திரும்ப முதல்லருந்து பேச்சிலர்ஸ் பண்ணணும். ஒரு கன்சல்டன்சில இதைச் சொல்லாமலே என்கிட்ட பணம் வாங்கிட்டு அமெரிக்காவுக்கு அப்ளிகேஷன் போட வச்சாங்க, ஒரு வருஷம் வீணாப் போச்சு, இன்னைக்கும் நினைச்சா வயிறு எரியுது. இங்கிலாந்துல சில கோர்ஸ்ல டிகிரி எதா இருந்தாலும் வாசிப்பு உசத்தியா இருந்து, ஆடிஷன்ல தேறி, குழந்தைங்களோடயோ வயசானவங்களோடயோ வேலை பாத்த அனுபவமும் இருந்தா எடுத்துக்கறாங்க.

ஆடிஷன்ல நான் வீணை வாசிச்சு முடிச்சதும், பியானோல உக்காந்திருந்த, ஆடிஷன் எடுத்த அம்மா 'இப்போ நான் ஒண்ணு வாசிக்கிறேன், நீங்க சேர்ந்துக்குங்க'ன்னாங்க. சுருதி சொல்லல. தாளம் சொல்லல. மனோதர்மம் எல்லாம் நமக்குப் பழக்கம்தானேன்னு நினைச்சுட்டுப் போனவ நான், ஆனா நம்ம மனோதர்மம் ராகத்தோட வேலிக்குள்ள நடக்குது, அங்க வேலியே கிடையாது, அவங்க ஸ்ருதியை மாத்திக்கிட்டே போறாங்க, என் வீணைக் கம்பி எல்லாம் ஒரு சுருதிக்குக் கட்டினது, நான் எங்க போக? கையை எடுத்துட்டு வீணைக் குடத்துல மெதுவாத் தட்ட ஆரம்பிச்சேன், அவங்க வேகத்துக்கு. அதுக்கப்புறம்தான் அவங்க நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க. சீட் அதனாலதான் கிடைச்சுதுன்னு இன்னும் நம்புறேன்.

இன்னொண்ணு, படிக்கிற காலம் முழுக்க நீங்களும் சொந்தச் செலவுல தெரபிக்குப் போகணும். இது அமெரிக்க பேச்சிலர்ஸ்ல என் தங்கச்சிக்குக் கிடையாது. முதல் மாசம் எரிச்சலாத்தான் இருந்துச்சு, காசும் போகுது. அப்பாவைப் பத்தி நான் அழாம இருந்த அத்தனையும் அந்த ரூம்ல வந்துச்சு. அது வெளில வராம இருந்திருந்தா ஸ்ட்ரோக் வந்த ஒவ்வொரு பேஷன்ட் முகத்துலயும் அப்பாவைத்தான் பாத்துட்டு இருந்திருப்பேன், அவங்களைப் பாத்திருக்க மாட்டேன். எனக்கு இந்த ஒரு விஷயத்துல இங்கிலாந்துதான் உசத்தி.

ஆதாரம்னு வந்தா ரெண்டு பக்கமும் நேர்மையா இருக்கணும். நியூயார்க் குழு 11 ஆஸ்பத்திரில 272 குறைமாசக் குழந்தைங்களை வச்சு 2013ல வெளியிட்ட ஆய்வுல, அம்மா அப்பா தேர்ந்தெடுத்த தாலாட்டை நேர்ல பாடினப்போ குழந்தைங்க இதயத்துடிப்பு, உறிஞ்சுறதுல எல்லாம் மாற்றம் தெரிஞ்சுது. அதே சமயம் 2017ல ஒன்பது நாட்டுல ஆட்டிசம் இருக்கிற 364 குழந்தைங்களை வச்சு நடந்த பெரிய ஆய்வுல, நான் படிச்ச அந்த இம்ப்ரொவைஸ் முறை ஆட்டிச அறிகுறிகளோட தீவிரத்தைக் குறைக்கலைன்னுதான் வந்துச்சு. அது எனக்கு வலிச்சுது. ஆனா வர்ற பெற்றோர்கிட்ட 'ஆட்டிசம் சரியாயிடும்'னு நான் ஒருநாளும் சொல்றது இல்ல, 'உங்க புள்ளையோட சேர்ந்து இருக்க ஒரு வழி கிடைக்கும்'னுதான் சொல்றேன், அது நடக்குறதை வாரா வாரம் பாக்குறேன்.

பாண்டிச்சேரி. பிள்ளையார்குப்பத்துல மகாத்மா காந்தி மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குள்ளயே ஸ்ரீ பாலாஜி வித்யாபீத்தோட மியூசிக் தெரபி மையம் இருக்கு, டாக்டர் சுமதி சுந்தர் கட்டி எழுப்பினது. இதோட பெரிய பலம் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிறதுதான், நீங்க பழகுற பேஷன்ட் தமிழ் பேசுறவங்க, நீங்க பாடுற பாட்டு அவங்களுக்குத் தெரியும். செலவையும் வெளிநாட்டோட ஒப்பிடவே முடியாது. குறை என்னன்னா இந்தியால இந்தப் பேருக்கு இங்கிலாந்து மாதிரி சட்டப் பாதுகாப்பு கிடையாது, ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் போனவரும் போர்டு மாட்டலாம், ரெண்டு வருஷம் படிச்சவரும் மாட்டலாம், பேஷன்டுக்கு வித்தியாசம் தெரியாது. வேலையும் நீங்களாப் போயி ஒவ்வொரு சிறப்புப்பள்ளி, ஆஸ்பத்திரி வாசல்லயும் புரிய வச்சுத்தான் உருவாக்கணும்.

அதனால என் பதில் இதுதான்: எங்க வேலை பாக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, படிப்பை அப்புறம் பாருங்க. ஹெச்.சி.பி.சி. நம்பரைக் காட்டி அமெரிக்கால எம்.டி-பி.சி. வாங்க முடியாது, தனியா அவங்க வழிலதான் போகணும், அந்தப் பக்கத்துலருந்து வந்தாலும் அதே கதைதான். தமிழ்நாட்டுல இருக்கப் போறேன்னு உறுதியா இருந்தா பாண்டிச்சேரில ஆரம்பிங்க, கடன் வாங்கிட்டு லண்டன் போகாதீங்க. மியூசிக் டிகிரி கைல இருந்து, எண்ணி எழுதுற ஒழுங்கு பிடிக்கும்னா அமெரிக்கா. வேற டிகிரி, ஆனா சின்ன வயசுலருந்து வாத்தியம், அந்தரங்கத்தைத் திறந்து பாக்கத் தயார்னா இங்கிலாந்து, ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சைல பெரும்பாலும் 7 கேப்பாங்க. எங்க போனாலும் கிட்டாரோ கீபோர்டோ இப்பவே ஆரம்பிங்க, கர்நாடக சங்கீதக்காரங்க நாம அதிகம் தடுமாறுறது கார்டு (chord, ஒரே நேரத்துல பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கிறது) போடுறதுலதான்.

லண்டன் கேர் ஹோம் ஒண்ணுல டிமென்ஷியா வந்த யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருத்தவங்க இருந்தாங்க. நாப்பது வருஷம் அந்த ஊர்ல இருந்து பேசின இங்கிலீஷ் முழுக்கப் போயிடுச்சு, தமிழ் மட்டும் மிச்சம், அங்க அதைப் புரிஞ்சுக்க ஆள் இல்ல. நர்ஸுங்க அவங்களைப் 'பேசாதவங்க'ன்னு எழுதி வச்சிருந்தாங்க. நான் மெதுவா ஒரு தேவாரம் எடுத்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு 'எவ்விடம் பிள்ளை நீ?'ன்னு கேட்டாங்க. திருச்சி அம்மான்னேன். 'பண் பிழை'ன்னாங்க, அப்புறம் அவங்களே பாடிக் காட்டினாங்க. நான் படிச்ச ரெண்டு வருஷத்துல அந்தத் தேவாரம் பாடத்திட்டத்துல கிடையாது, எங்க அம்மாச்சி சொல்லிக் கொடுத்தது.

அன்னைக்கிலருந்து ஒரு நோட்டுல தமிழ்ப் பாட்டு சேத்துட்டு வரேன், தாலாட்டு, நடவுப் பாட்டு, சர்ச் பாட்டு, நாகூர்ப் பக்கத்துப் பாட்டு, பழைய ரேடியோ பாட்டு, 140 ஆச்சு. இளம் வயசுல கேட்ட பாட்டுதான் கடைசி வரைக்கும் தங்குது, அதனால உங்க வீட்ல 75 வயசு தாண்டினவங்க இருந்தா அவங்க இருபது வயசுல என்ன பாடினாங்கன்னு கேட்டு, எந்த ஊருன்னும் சேத்து எனக்குச் சொல்லுங்க. இலங்கை மலையகத்துப் பாட்டு இன்னும் ரெண்டுதான் இருக்கு என்கிட்ட.