4 இஞ்ச் கிரைண்டர்: உப்புக் காற்றில் எது தாங்கும், எது தாங்காது

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகளுக்கு மராமத்து நடக்கும். வெல்டர், தச்சர், பைபர் (கண்ணாடி இழை) வேலைக்காரர் என எல்லார் கையிலும் வெட்டவும் தேய்க்கவும் கை கிரைண்டர் ஓடும். மீதி பத்து மாதம் அதே மிஷின் கொட்டகையிலோ படகின் எஞ்சின் அறையிலோ சும்மா கிடக்கும். வாங்க வருகிறவர்கள் ஓடும் இரண்டு மாதத்தை மனதில் வைத்து "எத்தனை வாட்?" என்று கேட்கிறார்கள். நம் கரையில் கிரைண்டர் சாவது பெரும்பாலும் சும்மா கிடக்கும் பத்து மாதத்தில்தான்.

காரணம் எளிது. காற்றில் வரும் உப்பு, மிஷினின் பின்பக்க ஓட்டைகள் வழியே உள்ளே போய்ப் படிகிறது. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கசியும். உள்ளே ஏற்கெனவே கார்பன் தூள் படிந்திருக்கும்; மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்து விழுந்த தூள் அது. இரண்டும் சேர்ந்த ஈரப்பசை மின்சாரம் கடத்தும். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே அது உட்கார்ந்துகொண்டால், அடுத்த முறை சுவிட்ச் போட்டதும் பொறி பறக்கும், புகை வரும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு" என்று கடைக்கு வரும் மிஷின்களில் பலவற்றின் கதை இதுதான்.

ஆகவே வாட்டுக்கு முன்பு பார்க்கவேண்டியது இரண்டு: உப்பும் தூசும் உள்ளே போவதை அந்த மிஷின் எவ்வளவு தடுக்கிறது? போனபிறகு கழற்றிச் சரிசெய்ய உதிரி கிடைக்கிறதா?

பெயரில்லா மிஷின், 1,000 முதல் 1,500 ரூபாய்

டப்பாவில் 850 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பவேண்டாம். மிஷினில் ஒட்டிய தகட்டில் ஆம்பியர் போட்டிருக்கிறதா பாருங்கள். 230 வோல்ட்டில் 850 வாட் என்றால் ஏறக்குறைய 3.7 ஆம்பியர் வரவேண்டும். எண் வேறாக இருந்தால், அல்லது ஆம்பியரே இல்லாவிட்டால், வாட்டும் கற்பனை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் உண்மையான குறை ஆர்மேச்சரில் இருக்கிறது. கம்பிச் சுற்றின் மேல் பூசும் வார்னிஷ் மெலிது. இரும்பு வேலைக்கு ஓரளவு ஓடும். பைபர் படகைத் தேய்த்தால் கண்ணாடித் தூள் உள்ளே போய், சுழலும் வேகத்தில் வார்னிஷை உரசி எடுத்துவிடும். 4 இஞ்ச் கிரைண்டரில் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்றால், கியருக்குப் பின்னால் இருக்கும் ஆர்மேச்சர் ஏறக்குறைய 30,000 சுற்றில் ஓடும். அந்த வேகத்தில் தூள் உப்புத்தாள் போல வேலை செய்யும்.

இன்னொரு சங்கடம், உதிரி. இந்த மாடலின் ஆர்மேச்சர் அடுத்த வருடம் அதே அளவில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கார்பனை மட்டும் வேறு அளவிலிருந்து அரம்போட்டுத் தேய்த்து மாட்டிவிடுவார்கள். ஸ்பிரிங் அழுத்தம் சரியாக உட்காராவிட்டால் பொறி கூடி, செம்புப் பட்டை கருகும். வீட்டில் வருடத்துக்கு நாலு கம்பி வெட்டுகிறவருக்கு இது போதும். தடைக்காலத்தில் கூலிக்கு ஓட்டுகிறவர் இதை வாங்கினால், மிஷின் காசை விட நின்றுபோன நாள்களின் கூலிதான் அதிகம் போகும்.

பிராண்டின் கீழ்ப்படி, 600 வாட் சுற்று

பாஷ் ஜி.டபிள்யூ.எஸ். 600, ஸ்டான்லியின் 620 வாட் எஸ்.ஜி. 6100, ஹைக்கோக்கி ஜி10எஸ்.எஸ்.2 (2018 வரை ஹிட்டாச்சி என்ற பெயரில் வந்த அதே கம்பெனி) ஆகியவை இந்த வரிசை. விலை கடைக்குக் கடை மாறும். 2,000-லிருந்து 2,800-க்குள் அமையும். கைப்பிடி மெலிது, எடை குறைவு. படகின் உள்பக்க மூலையில் கை நீட்டி வெல்டிங் திட்டைத் தேய்க்க இதுவே வசதி.

எங்கே தோற்கும்? 6 மில்லிமீட்டர் கிரைண்டிங் வீலைப் போட்டு, அழுத்தித் தொடர்ந்து அரை மணி நேரம் தேய்த்தால் மிஷினின் தலை கொதிக்கும். அழுத்த அழுத்த சுற்று குறையும், காற்றாடியின் காற்றும் குறையும், சூடு ஏறும். ஐந்து நிமிடம் தேய்த்தால், சுமையில்லாமல் அரை நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்தவேண்டும். சூடாக இருக்கும்போதே சட்டென்று நிறுத்திக் கீழே போட்டால் உள்ளே இருக்கும் வெப்பம் சுற்றுக்கம்பியை வேகவைக்கும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் 600 வாட் மிஷின் நீடிக்கும், இல்லாவிட்டால் 850-உம் கருகும்.

710-லிருந்து 850 வாட்

மக்கிட்டா 9553பி 710 வாட், டிவால்ட் டி.டபிள்யூ. 801 850 வாட். இரண்டும் 3,000 முதல் 4,000 ரூபாய்க்குள் பார்க்கலாம். தினமும் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டுக்குள்தான் போட்டி.

வெல்டிங் பட்டறையில் தடித்த தகடு, ஆங்கிள், ஓயாமல் கிரைண்டிங் என்றால் டிவால்ட்டின் கூடுதல் வாட் கையில் தெரியும். அழுத்தினாலும் சுற்று இறங்காது. மக்கிட்டா 1.4 கிலோதான்; தலைக்கு மேல் கை தூக்கிப் படகின் அடிப்பக்கத்தைத் தேய்க்கும்போது மாலையில் தோள் அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். அதோடு, மக்கிட்டா தன் கிரைண்டர்கள் பலவற்றில் ஆர்மேச்சர் சுற்றின் மேல் தூசுக்குத் தடுப்பாகத் தனி வார்னிஷ் பூச்சு கொடுக்கிறது. பைபர் வேலைக்காரர்களுக்கு 140 வாட்டை விட அந்தப் பூச்சு முக்கியம். எங்கள் தேர்வு: இரும்புக்கு டிவால்ட், பைபருக்கும் மரத்துக்கும் மக்கிட்டா.

ஆனால் போலி அதிகம் உலவுவதும் பெரிய பிராண்டுகளின் பெயரில்தான். ஒயரின் மேல் அச்சு இருக்கிறதா, தகட்டில் வரிசை எண் இருக்கிறதா, அதே எண் டப்பாவிலும் இருக்கிறதா பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் "ஆயிரம் கம்மி" என்றால் எழுந்து வந்துவிடலாம். வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார்பன் அதில் சேராது. கம்பெனி சர்வீஸுக்கு மிஷின் மதுரை வரை போகவேண்டியிருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து அது 170 கிலோமீட்டர். தடைக்காலத்தின் நடுவில் பத்து நாள் மிஷின் இல்லாமல் நிற்கிறதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் அன்றே அதே கடையில் அசல் கார்பன் இரண்டு ஜோடி வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது.

பேட்டரி கிரைண்டர்

18 வோல்ட், பிரஷ் இல்லாத மோட்டார். கார்பனும் இல்லை, செம்புப் பட்டையும் இல்லை. மேலே சொன்ன நோயில் பாதி இதற்கு வராது. ஷாக் பயமும் இல்லை. நங்கூரம் போட்டு நிற்கும் படகில், மின்சாரம் எட்டாத இடத்தில் நாலு போல்ட் அறுக்க இதற்கு ஈடில்லை. ஆனால் 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி மட்டுமே. 500 வாட் இழுத்து வெட்டினால் ஒன்பது நிமிடம்கூட வராது. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்த்தால் 10,000 ரூபாயைத் தாண்டும். குறைந்த காசில் முதல் மிஷின் வாங்குகிறவருக்கு இது பொருந்தாது. பேட்டரி முனைகளில் பச்சை பிடிக்காமல் துடைத்து வைப்பது தனி வேலை.

பழைய மிஷின்

ராமநாதபுரத்திலும் மதுரையிலும் நல்ல பிராண்டின் பழைய மிஷின் பாதி விலைக்கு வரும். எடுக்கலாம், சோதித்துவிட்டு. வீல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பின்பக்க ஓட்டை வழியே பாருங்கள். கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி இயல்பு. செம்பு முழுக்கச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சர் போச்சு. நிறுத்தியபிறகு வீல் மாட்டும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுழலும் திசையில் கொஞ்சம் ஆட்டம் கியருக்கு உரியது. மேல்கீழ் ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. அலுமினியத் தலையில் ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மிஷின் உப்பில் கிடந்தது என்று பொருள். அந்த ஸ்குரூ கழற்றும்போது உடையும்.

ஆர்மேச்சர் மறுசுற்று போட்டதென்றால் தயங்குங்கள். 30,000 சுற்றில் ஓடுவதைச் சமன்பார்க்காமல் மாட்டினால் அதிர்வில் பேரிங் சீக்கிரம் போகும். பேரிங் மாற்றும்போதும் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. தூசு புகாது என்று ஆர்மேச்சருக்கும் ரப்பர் மூடி போட்ட பேரிங்கை மாட்டிவிடுகிறார்கள். உரசும் ரப்பர் மூடி அந்த வேகத்தைத் தாங்காது, சூடாகிக் கிரீஸ் உருகிவிடும். ஆர்மேச்சருக்குத் தகர மூடி, அதாவது இரட்டை இசட் குறி உள்ளது. வீல் பக்கத் தண்டுக்கு மட்டும் ரப்பர் மூடி.

வீலில் மிச்சம் பிடிக்காதீர்கள்

4 இஞ்ச் வீலின் ஓட்டை 16 மில்லிமீட்டர், மேலே 80 மீட்டர்/நொடி என்றும் 15,300 சுற்று என்பதற்கு நெருங்கிய எண்ணும் அச்சிட்டிருக்கும். நடுவில் உள்ள இரும்பு வளையத்தைத் திருப்பிப் பாருங்கள்: மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அது காலாவதித் தேதி. பிசினால் கட்டிய வீலுக்குத் தயாரித்ததிலிருந்து 3 வருடம்தான் ஆயுள். ஈரம் பிசினை இளக்கும் என்பதால் நம் பக்கம் கடைசி வருடத்தையும் நம்பாமல் இருப்பது நல்லது. போன தடைக்காலத்தில் மிஞ்சிக் கொட்டகையில் கிடந்த வீலைத் தட்டிப்பார்த்து மாட்டும் வழக்கத்தை விடுங்கள். அரிசி டின் போல இறுக மூடும் டப்பாவில், தட்டையாக அடுக்கி வையுங்கள்.

1 மில்லிமீட்டர் கட்டிங் வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக்கூடாது. உடைந்து முகத்துக்கு வரும். 5 இஞ்ச் வீலை 4 இஞ்ச் மிஷினில் மாட்ட, வீலை மூடும் தகட்டை (கார்டு) கழற்றுகிறார்கள். உடைந்தால் தடுக்க ஒன்றுமில்லை என்பதே அங்கே பிரச்சினை. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய், புரொப்பெல்லர் தண்டு வேலைக்கு எஸ்.எஸ். என்று குறித்த வீலைத் தனியாக வையுங்கள். சாதா இரும்பை வெட்டிய வீலை எஸ்.எஸ்.-இல் போட்டால் இரும்புத் துகள் பதிந்து, கடல் காற்றில் சில நாளிலேயே துருப் புள்ளி விழும். அப்புறம் எஸ்.எஸ். விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

ஒயர், மணல், ஷாக்

கிரைண்டருக்கு இரட்டைக் காப்பு. இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது. காய்ந்த தரையில் சரி. ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கும்போது, உள்ளே உப்பும் கார்பனும் சேர்ந்த பசை வழியே மின்கசிவு மிஷினின் அலுமினியத் தலை வரை வரலாம். ஜங்ஷன் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போடுங்கள். கிரைண்டர் பட்ஜெட்டில் வெட்டக்கூடாத செலவு இது.

எக்ஸ்டென்ஷன் நீளமும் மிஷினைக் கொல்லும். 30 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போகவர ஒரு ஓம் சொச்சம் தடை. 710 வாட் கிரைண்டருக்கு 3 வோல்ட் சொச்சம்தான் இறங்கும், கவலையில்லை. 2,000 வாட் இழுக்கும் 14 இஞ்ச் கட்டிங் மிஷினுக்கு 9 வோல்ட்டுக்கு மேல் போகும். மாலையில் கரண்டே 200-க்குக் கீழ் இறங்கும் ஊர்களில் அது தாங்காது. அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பிளக்.

நிறுத்தி வைக்கும்போது

தடைக்காலம் முடிந்ததும் கார்பனைக் கழற்றி நீளம் பாருங்கள். கோட்டுக்குறி வரை தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். மிஷின் ஓடும்போதே பின்பக்கத்திலிருந்து காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். மூக்கில் மாஸ்க், கண்ணில் கண்ணாடி. நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளியே துடைத்து உப்பை எடுங்கள், பிறகு காயவிடுங்கள். ஸ்குரூக்களுக்கு ஒரு துளி எண்ணெய். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை. மாதம் ஒருமுறை எடுத்து இரண்டு நிமிடம் சும்மா ஓட்டினால், செம்புப் பட்டையில் பிடித்த கறையைக் கார்பனே துடைத்துவிடும்.

ரம்பம் வேண்டுமென்றால்

கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டுவது இந்தக் கரையில் சகஜம். பலகையில் பல் சிக்கினால் மிஷின் கையை மீறிப் பின்னால் துள்ளும். கீழே தாங்க அடித்தகடு இல்லை, பிளேடுக்கு முழு மூடி இல்லை. விரல் போன கேஸ்கள் இதில்தான். 110 மில்லிமீட்டர் மார்பிள் கட்டரில் மர பிளேடு போடுவதும் வழக்கம். அடித்தகடு இருப்பதால் கொஞ்சம் மேல், ஆனால் பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் மிஷினின் வேகத்தை விட அதிகமா என்று பார்த்தே ஆகவேண்டும். அதோடு வெட்டு ஆழமும் 35 மில்லிமீட்டரைத் தாண்டாது. படகுப் பலகைக்கு 185 மில்லிமீட்டர் வட்ட ரம்பம் 65 மில்லிமீட்டர் வரை இறங்கும். காசு இல்லையென்றால் அந்த வேலை வரும் நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். மிச்சமான காசை நல்ல பிளேடில் போடுங்கள். பழைய படகுப் பலகையில் துருவேறிப் புதைந்த ஆணிகள் இருக்கும். காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு ரம்பத்தை வையுங்கள். செம்பு ஆணி என்றால் காந்தம் காட்டாது, பச்சைக் கறையைக் கண்ணால்தான் தேடவேண்டும்.